பாத்திரமேற்பு ஆட்டங்களிற் கதையதிகாரம்: ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிறு நகரிலிருந்து 1974ஆம் ஆண்டு ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் வெளிவந்தது. கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கிய அவ்வாட்டம், பெட்டியொன்றினுள் அடங்கிய மூன்று சிறுநூல்களாகவே முதலிற் கிடைத்தது. அந்நூல்களின் முகப்பு, மத்தியகாலப் பாங்கான கற்பனைப் போர் விளையாட்டுக்குரிய விதிகள் எனத் தம்மை அறிமுகஞ் செய்துகொண்டதேயன்றிக் கதையைப் பற்றி யாதும் கூறவில்லை. அரை நூற்றாண்டு கழிந்துவிட்ட இன்று, அதன் வழிவந்த எண்ணற்ற ஆட்டங்களைக் குறித்து நிகழும் விவாதங்களில் மீண்டும் மீண்டும் எழுவது கதை பற்றிய வினாவேயாகும். மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போருள் கதையை ஆக்கும் உரிமை யாருக்குரியது?

இவ்வாட்டவகையை அறியாதோர் பொருட்டு அதன் அமைப்பைச் சுருங்கக் கூறல் வேண்டும். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவரைத் தவிர ஏனையோர் ஒவ்வொருவரும் கற்பனைப் பாத்திரம் ஒன்றை ஏற்று, அப்பாத்திரம் யாது செய்கிறது, யாது பேசுகிறது என்பதைத் தம் வாயாற் கூறுவர். எஞ்சிய ஒருவர் அப்பாத்திரங்கள் உலவும் உலகத்தைக் கையாளுவார். கோட்டை வாயிலில் நிற்கும் காவலன் இலஞ்சம் வாங்குவானா, பூட்டிய கதவுக்கு அப்பால் இருப்பது யாது என்பனவற்றை அவரே அறிவார். முடிவு ஐயத்துக்குரியதாகும்போது பகடை உருட்டப்படும். இந்த ஒருவருக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் வெவ்வேறு பெயர்கள் வழங்குகின்றன. இக்கட்டுரையில் அவரை நெறியாளர் என்றும் ஏனையோரை ஆட்டக்காரர் என்றும் குறிப்பிடுவோம். நெறியாளர் என்னும் சொல் நாடகத்துறையிலிருந்து இரவல் பெற்றது, முற்றும் பொருந்துவதன்று. இவ்விடயத்தில் ஒரு பெயர் எத்துணைத் தூரம் கருத்தைத் திசைதிருப்ப வல்லது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆட்டக்காரருக்குக் கதையாக்க அதிகாரத்தைக் கூடுதலாக வழங்கவேண்டும் என்பது கடந்த நாற்பது ஆண்டுகளாக வலுப்பெற்று வந்துள்ள கோரிக்கையாகும். கேட்ட மாத்திரத்தில் அது மறுக்கவொண்ணாத நியாயமாகவே தோன்றும். ஒருவர் பேச நால்வர் கேட்டிருப்பதைவிட ஐவரும் பேசுவது நன்றென்பதை யார்தான் மறுப்பர்? ஆயினும், அதிகாரம் என்பது கொத்துக்கொண்டு அரிசி அளப்பதுபோல அளந்து கொடுக்கத்தக்க ஒரே பொருள் எனக் கொள்வதே இவ்விவாதங்களின் முதற்கோளாறு என நாம் கருதுகிறோம். தன் பாத்திரம் செய்வதைத் தீர்மானித்தல் ஓர் அதிகாரம். உலகில் இருப்பது யாதெனத் தீர்மானித்தல் வேறோர் அதிகாரம். அடுத்த காட்சி எங்கே தொடங்கும் என்பதும், ஒரு முயற்சி வெல்லுமா தோற்குமா என்பதும் பிறிதும் வேறானவை. இவற்றுள் ஒன்றைப் பெறுபவர் அதனாலேயே மற்றொன்றை இழக்கவும் நேரலாம்.

நெறியாளரின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நோக்குவோம். அதன் மூலம் இலக்கியத்தில் இல்லை; பிரஷ்ய நாட்டு இராணுவப் பயிற்சியில் உள்ளது. 1824ஆம் ஆண்டு ரைஸ்விற்ஸ் என்னும் பிரஷ்யப் படையதிகாரி வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்னும் போர் விளையாட்டில் இரு தரப்பினருக்கும் இடையே நடுவர் ஒருவர் இருந்தார். எதிரியின் படை எங்கே நிற்கிறது என்பதை இரு தரப்பாரும் அறியார். நடுவர் ஒருவரே அறிவார். விதிகள் மிகுந்து ஆட்டம் தாமதமுற்றமையால், 1876இல் வேர்டி டு வெர்னுவா என்பார் விதிநூலைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, அனுபவம் வாய்ந்த நடுவரின் தீர்ப்பையே ஆதாரமாகக் கொள்ளும் முறையை முன்வைத்தார். ஆகவே நடுவருக்குரிய அதிகாரம் இரண்டு கருமங்களின் பொருட்டே தோன்றியது. மறைந்திருப்பதை மறைத்து வைத்தல் ஒன்று. பக்கஞ்சாராது தீர்ப்புக் கூறல் மற்றையது. கதை சொல்லல் அவரது தொழிலாக இருக்கவில்லை.

1969ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களில் டேவிட் வெஸ்லி என்பார் நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ என்னும் ஆட்டம் இம்மரபில் ஒரு திருப்பம். நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜேர்மானிய நகரொன்றில், படைத் தளபதிகளுக்கு மேலதிகமாக நகரவாசிகளின் பாத்திரங்களையும் அவர் ஆட்டக்காரருக்கு வழங்கினார். போர் தொடங்கு முன்னரே அவர்கள் தத்தம் நோக்கங்களுக்காக ஒருவரோடொருவர் பேசவும் சூழ்ச்சி செய்யவும் தலைப்பட்டனர். ஆட்டம் தம் கட்டுப்பாட்டை மீறிக் குழம்பிவிட்டது என வெஸ்லி கருதினார். ஆடியவர்களோ மீண்டும் அதனை நடத்துமாறு கேட்டனர். அவர்களுள் ஒருவரே பின்னர் ‘பிளக்மூர்’ என்னும் கற்பனை நாட்டை அமைத்து, கைகாக்ஸுடன் இணைந்து 1974ஆம் ஆண்டு ஆட்டத்தை ஆக்கிய ஆர்னெசன். நெறியாளர் திட்டமிடாத ஒன்றை ஆட்டக்காரர் நிகழ்த்திக் காட்டியதிலிருந்தே இவ்வாட்டவகை பிறந்தது என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

தொடக்ககால ஆட்டத்தில் ஆட்டக்காரருக்குக் கதையதிகாரம் இருக்கவில்லை என்று இன்று எளிதாகக் கூறிவிடுகின்றனர். இக்கூற்று மறுபரிசீலனைக்குரியது. அவ்வாட்டத்தில் நெறியாளர் நிலவறையொன்றின் வரைபடத்தைப் பெட்டிக்கோடிட்ட தாளில் முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார். எந்த அறையில் எவ்விலங்கு, எங்கே பொறி, எங்கே பொற்குவை என்பன அதிற் குறிக்கப்பட்டிருக்கும். எந்த வழியாற் செல்வது, எதனோடு பொருதுவது, எதனோடு பேரம் பேசுவது, எப்பொழுது திரும்பி ஓடுவது என்பன அனைத்தும் ஆட்டக்காரரின் தெரிவாகவே இருந்தன. இறுதியிற் கதை என ஒன்று எஞ்சுமாயின், அது ஆடி முடித்தபின் நினைவுகூரப்படுவதேயாகும். முன்னரே அதனை எவரும் எழுதியிருக்கவில்லை. அன்றியும், வரைபடம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தமை ஆட்டக்காரருக்குப் பாதுகாப்பாகவும் அமைந்தது. இடப்புறக் கதவுக்கு அப்பால் மரணமும் வலப்புறக் கதவுக்கு அப்பாற் செல்வமும் உண்மையிலேயே இருந்தாற்றான் இடமா வலமா என்னும் தெரிவுக்குப் பெறுமதியுண்டு. எக்கதவைத் திறப்பினும் நெறியாளர் தாம் விரும்பிய ஒன்றையே அங்கு வைப்பாராயின் அத்தெரிவு வெறும் பாவனையாகிவிடும்.

இங்கு நமது நாட்டுக்கூத்தையும் அதன் அண்ணாவியாரையும் ஒப்பிட்டுக் கூறும் ஆவல் நம்மில் எவருக்கும் எழக்கூடும். அவ்வொப்பீடு வழிதவறச் செய்வது. கூத்திற் கதை யாவரும் அறிந்தது. ஆட்டமும் பாட்டும் அதனை எங்ஙனம் நிகழ்த்துகின்றன என்பதிலேயே அவையின் சுவை தங்கியுள்ளது. கூத்தரங்கில் அபிமன்யு பிழைக்கக்கூடும் என எதிர்பார்த்து எவரும் விடியும்வரை விழித்திருப்பதில்லை. மேசை ஆட்டத்திலோ, பாத்திரம் பிழைக்குமா என்பதை ஆடுபவர் அறியாதிருத்தலே அடிப்படையாகும். அவர் ஒரே வேளையில் நடிகராயும் அவையினராயும் உள்ளார். கதையதிகாரம் பற்றிய சிக்கல்கள் யாவும் இவ்விரட்டை நிலையிலிருந்தே பிறக்கின்றன.

முன்னெழுதிய கதை மேசைக்கு வந்தது 1980களிலாகும். 1984இல் ‘டிராகன்லான்ஸ்’ என்னும் சாகசத் தொடர் வெளிவரத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே அதனோடு தொடர்புடைய நாவலும் வெளியாயிற்று. ட்ரேசி ஹிக்மனும் மார்கரெட் வைஸும் எழுதிய அந்நாவலின் நாயகர்களையே ஆட்டக்காரர் ஏற்று ஆடுமாறு தொடர் அமைந்திருந்தது. கதைக்கு இன்றியமையாத பாத்திரம் ஒன்று இறக்க நேரின், அவ்விறப்பை ஐயத்துக்கிடமாக்கிப் பின்னர் அப்பாத்திரத்தை மீளக் கொணரவேண்டும் என்னும் வழிகாட்டலும் அதில் இருந்தது. கதையைக் காக்கும்பொருட்டுப் பகடையின் தீர்ப்பையே திருத்தும் நிலை இங்கு தோன்றிவிட்டது. 1991இல் மார்க் ரைன்-ஹேகன் ஆக்கிய ‘வம்பயர்: த மாஸ்கரேட்’ நெறியாளருக்குக் ‘கதைசொல்லி’ என்றே பெயர் சூட்டியது. கதையை முதன்மைப்படுத்தி, ஆட்டக்காரரின் அகவுணர்வுகளுக்கு இடமளிக்க முயன்ற நூல் அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஐவருள் ஒருவருக்குக் கதைசொல்லி எனப் பெயரிட்டால் எஞ்சிய நால்வரும் கதை கேட்போராகிவிடுகின்றனர். பக்கஞ்சாரா நடுவராகத் தொடங்கியவர் ஆசிரியராகிவிட்டார். நடுவருக்கென வழங்கப்பட்ட மறைப்பும் தீர்ப்பும் மட்டும் அவர் கையிலேயே தங்கிவிட்டன. ஆசிரியருக்கு நடுவரின் கோலையும் கொடுப்பது ஆபத்தானது.

இந்நிலையிலுள்ள முரண்பாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் ரொன் எட்வேட்ஸ் முக்கியமானவர். நெறியாளரே கதையின் ஆசிரியர், ஆட்டக்காரரே நாயகர்களின் செயல்களைத் தீர்மானிப்போர் என இரண்டையும் ஒரே மூச்சிற் கூறும் விதிநூல்கள் இயலாத ஒன்றை வாக்களிக்கின்றன என்பது அவரது வாதம். நாயகர் செய்வதே கதையாகும்போது, அச்செயல்களைத் தாம் தீர்மானியாத ஒருவர் அக்கதையின் ஆசிரியராவது எங்ஙனம்? நடைமுறையில் இருவருள் ஒருவர் விட்டுக்கொடுக்கவேண்டும். பெரும்பாலும் விட்டுக்கொடுப்பவர் ஆட்டக்காரரே. மேலும், தாம் விட்டுக்கொடுப்பதை அவர் அறியாதவாறு நெறியாளர் திறமையாக மறைத்துவிடுவதையே நல்ல நெறியாள்கையின் இலக்கணமாகப் பலர் போற்றியும் வந்துள்ளனர்.

இதற்கு எழுந்த எதிர்வினைகளுள் மிகப் பழையது புள்ளி முறை. 1983இல் வெளிவந்த ‘ஜேம்ஸ் பொண்ட் 007’ ஆட்டத்தில் நாயகப் புள்ளிகள் என ஒன்று இருந்தது. அதனைச் செலவிட்டு ஆட்டக்காரர் தம் முயற்சியின் பெறுபேற்றை உயர்த்தலாம். அன்றியும் சூழலில் தமக்குதவும் சிறு பொருளொன்று இருப்பதாகவும் ஆக்கலாம். அத்திரைப்படங்களைப் பார்த்தோர்க்கு இது பெரிதும் பொருத்தமாகவே படும். அந்நாயகனுக்கு வேண்டிய வேளையில் வேண்டிய வாகனம் வீதியோரத்தில் நிற்கத் தவறியதில்லை. பின்னர் 1987இல் ‘ஆர்ஸ் மஜிக்கா’ நெறியாளர் பொறுப்பையே குழுவினர் மாறிமாறி ஏற்கும் முறையைப் பரிந்துரைத்தது. மரபான ஆட்டங்களின் தாயாகிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ தானும் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘உந்துதல்’ எனத்தக்க ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. தம் பாத்திரத்தின் குணவியல்புக்கு ஏற்ப ஆடுபவருக்கு நெறியாளர் அதனை வழங்கலாம். ஆயின் அதன் பயனோ பகடையை இன்னொரு முறை உருட்டும் சலுகைக்கு மேற்பட்டதன்று. இதனைக் கதையதிகாரம் எனல் மிகையாகும். நன்றாக எழுதிய மாணவனுக்கு ஆசிரியர் கொடுக்கும் மேலதிகப் புள்ளியை ஒத்தது எனலாம்.

புள்ளி முறையை ஆழமான தளத்துக்கு எடுத்துச் சென்றது 2003இல் தோன்றிய ‘ஃபேட்’ ஆகும். இதில் ஆட்டக்காரர் தம் பாத்திரத்தைப் பற்றிய சில தொடர்களை எழுதுகின்றார். ‘கடனாளியான முன்னாள் மாலுமி’ என ஒருவர் எழுதினார் எனக் கொள்வோம். கப்பல் பற்றிய அறிவு வேண்டுமிடத்து அவர் ஒரு புள்ளியைச் செலவிட்டு அத்தொடரைத் துணைக்கழைக்கலாம். நெறியாளரும் அத்தொடரைக் கையாளலாம். “நீ ஒளிந்திருக்கும் இவ்விடுதியில் உன் கடன்காரன் நுழைகின்றான்” என நெறியாளர் ஒரு புள்ளியை நீட்டுவார். ஏற்றுக்கொண்டாற் புள்ளியும் துன்பமும் ஒருங்கே கிட்டும். மறுப்பதாயின் தாமே ஒரு புள்ளி இழக்கவேண்டும். பாத்திரத்தின் குறைபாட்டை மறைக்க முயலும் மரபான ஆட்டக்காரர் இங்கு அதனை விரும்பி முன்வைக்கத் தூண்டப்படுகிறார். எவ்வகைத் துன்பம் தம்மைத் தேடிவரவேண்டும் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். எப்பொழுது, எவ்வுருவில் வரும் என்பதை மட்டும் அறியார். இப்பங்கீடு மிக நுட்பமானது. இருந்தும் இம்முறையின் பலவீனத்தையும் கூறியாகவேண்டும். புள்ளிகள் நாணயமாகிவிடும்போது ஆட்டக்காரர் பாத்திரத்தின் உள்ளிருந்து வெளியேறி வரவு செலவு பார்க்கும் கணக்கராகிவிடுகிறார். கடன்காரன் வருகின்றான் என்னும் அச்சத்தினிடத்தில், அவன் வருகை ஒரு புள்ளிக்குத் தகுமா என்னும் கணிப்பு வந்து அமர்ந்துவிடுகிறது.

இனி நாம் எடுத்துக்கொண்ட மையப் பிரச்சினைக்கு வருவோம். பாழடைந்த கோட்டையில் பூட்டிய கதவொன்றின் முன் ஆட்டக்காரர் நிற்கிறார் எனக் கொள்க. ஆட்டக்காரருக்கு நிறைந்த அதிகாரத்தை வழங்க விரும்பும் நெறியாளர், “கதவுக்கப்பால் என்ன இருக்கிறது என்பதை நீரே கூறும்” என்கிறார். ஆட்டக்காரர் சிறிது தடுமாறி, “என் தந்தையின் வாள் இருக்கிறது” என்கிறார். வாள் கிடைத்துவிடுகிறது. அவர் எதைப் பெற்றார்? ஒரு வாக்கியத்தை எழுதும் உரிமையைப் பெற்றார். எதை இழந்தார்? கதவைத் திறக்கும்போது உண்டாகும் படபடப்பை இழந்தார். தாமே ஒளித்து வைத்ததைத் தாமே கண்டெடுப்பதில் எவருக்கும் வியப்பில்லை. போல் செகெ என்பாரின் பெயரால் வழங்கும் கருத்தொன்று இதனையே கூறுகிறது: பாத்திரத்துக்கு நேரும் இடையூற்றையும் அதன் தீர்வையும் ஒருவரே ஆக்குவாராயின் ஆட்டம் சுவைப்பதில்லை. செகெ பழைய முறைக்காக வாதாடியவர் அல்லர். 2003இல் வெளிவந்த ‘மை லைஃப் வித் மாஸ்டர்’ என்னும் புதுநெறி ஆட்டத்தை ஆக்கியவர் அவர். எனவே புதிய முறையினரின் நடுவிலிருந்தே எழுந்த எச்சரிக்கையாக இதனைக் கொள்ளவேண்டும்.

நெறியாளரையே நீக்கிவிட்ட ஆட்டங்கள் இவ்வெச்சரிக்கையை எங்ஙனம் எதிர்கொண்டன என்பது கவனத்துக்குரியது. ஜேசன் மோர்னிங்ஸ்டார் 2009இல் வெளியிட்ட ‘ஃபியாஸ்கோ’வில் நெறியாளர் இல்லை. தமது முறை வரும்போது ஆட்டக்காரர் இரண்டிலொன்றைத் தெரிந்தாகவேண்டும். காட்சியைத் தாமே அமைப்பாராயின் அது நன்றாய் முடியுமா தீதாய் முடியுமா என்பதை ஏனையோர் தீர்மானிப்பர். முடிவைத் தாமே தீர்மானிக்க விரும்புவாராயின் காட்சியை ஏனையோர் அமைப்பர். இரண்டையும் ஒருவர் வைத்துக்கொள்ள இயலாது. வேறு ஆட்டங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களிற் செய்ய முயன்றதை இவ்வொரு விதி செய்துவிடுகிறது என்றே கூறத் தோன்றுகிறது. நெறியாளர் மறைந்தும் அவர் வகித்த பணி மறையவில்லை. எதிரே நின்று மறுக்கும் ஒருவர் தேவை என்னும் உண்மை விதியாக மாறி, மேசையைச் சுற்றி நகர்ந்துகொண்டிருக்கிறது.

துப்பறியும் கதைகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. சாண்டி பீற்றர்சன் 1981இல் ஆக்கிய ‘கோல் ஒஃப் குதுலு’ இத்துறையில் மரபின் உச்சம் எனலாம். அதில் நெறியாளரின் பெயர் ‘காப்பாளர்’. இரகசியங்களைக் காப்பவர் என்பது பொருள். கொலை செய்தவன் யார் என்பது ஆட்டம் தொடங்குமுன்பே முடிவாகிவிட்டது. ஆட்டக்காரர் அதனைக் கண்டறியலாம், அல்லது கண்டறியாமலே மடியலாம். ஜேசன் கோர்டோவா ஆக்கிய ‘பிரிண்டில்வூட் பே’ இதற்கு நேரெதிரானது. கடலோரச் சிற்றூரொன்றில் துப்பறியும் நாவல்களை விரும்பிப் படிக்கும் முதிய பெண்கள் கொலைகளைத் துலக்குவதே அதன் பொருள். அங்கும் நெறியாளருக்குக் காப்பாளர் என்றே பெயர். ஆயின் அவர் காப்பதற்கு இரகசியம் ஏதுமில்லை. சந்தேகத்துக்குரியோர் உள்ளனர், தடயங்கள் உள்ளன, கொலைகாரன் மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. ஆட்டக்காரர் தாம் திரட்டிய தடயங்களைக் கோத்து ஒரு விளக்கத்தை உருவாக்கிப் பின் பகடையை உருட்டுகின்றனர். எத்தனை தடயங்களை விளக்கத்தினுள் இணைத்தனரோ அத்துணை வாய்ப்பு மிகும். பகடை சாதகமாக விழுந்தால் அவ்விளக்கம் உண்மையாகிவிடும்.

இது துப்பறிதல் ஆகாது என மரபினர் குறை கூறுவர். அவர்கள் கூற்றில் நியாயமுண்டு. உண்மை முன்னரே இல்லாதவிடத்து அதனைக் கண்டறிதல் என்பது சொற்பிழை. ஆட்டக்காரர் இங்கு செய்வது துப்பறியும் நாவலை எழுதுவது, துப்பறிவதன்று. ஆயினும் கதவுக்கப்பால் வாளை வைத்த ஆட்டக்காரரின் நிலையும் இவர்களின் நிலையும் ஒன்றல்ல. அவர் வெறுமையிலிருந்து கூறினார். இவர்களோ பிறர் தந்த தடயங்களுக்குக் கட்டுப்பட்டு விளக்கத்தைப் புனைகின்றனர். புனைந்தபின்னும் அது மெய்யாகுமா என அஞ்சிப் பகடையை நோக்குகின்றனர். தாம் ஆக்கியது தம் கையிலேயே இல்லை. எமது விருப்பத்தைக் கேட்பின், குதுலுவின் காப்பாளரையே தெரிவோம். அறியப்படாத உண்மையொன்று எங்கோ எழுதப்பட்டு இருக்கிறது என்னும் உணர்வு தரும் திகில் வேறெதனாலும் ஈடுசெய்யப்படுவதில்லை. ஆனால் இது சுவை வேறுபாடேயன்றித் தர வேறுபாடு அன்று. இரு ஆட்டங்களும் ஆட்டக்காரர் அறியாத ஒன்றை அவருக்கென மிச்சம் வைக்கின்றன. முன்னது விடையையும் பின்னது விடையின் மெய்ம்மையையும் மிச்சம் வைக்கின்றன.

ஜோன் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ 2017இல் வெளிவந்தது. மரபான அமைப்பைக் கைவிடாமலே ஆட்டக்காரரின் அதிகாரத்தை விரித்த ஆட்டங்களுள் அதனையே நாம் முதன்மையாக மதிப்போம். பாத்திரங்கள் திருடர்கள். மரபான ஆட்டத்தில் ஒரு களவைத் திட்டமிடுவதிலேயே மாலைப்பொழுது முழுவதும் கழிந்துவிடுவதுண்டு. இங்கோ திட்டமிடல் தவிர்க்கப்பட்டு ஆட்டம் களவின் நடுவிலேயே தொடங்குகிறது. இடையூறு நேரும்போது ஆட்டக்காரர் பின்னோக்குக் காட்சியொன்றை அழைக்கலாம்: “நேற்றே இக்காவலனுக்குப் பணம் கொடுத்துவிட்டேன்.” இது கடந்தகாலத்தை எழுதும் அதிகாரம், சிறிதன்று. ஆயின் மூன்று கட்டுப்பாடுகள் அதனைச் சூழ்ந்துள்ளன. ஏற்கனவே மேசையில் நிகழ்ந்துவிட்டதை அது அழிக்கமுடியாது. செயல் எவ்வளவு அசாதாரணமானதோ அவ்வளவு மன அழுத்தத்தைப் பாத்திரம் தாங்கவேண்டும். அழுத்தத்துக்கென உள்ள ஒன்பது கட்டங்களும் நிரம்பினால் பாத்திரத்தின் மனம் நிலையாகவே வடுப்படும். நான்காவது வடுவோடு அப்பாத்திரத்தின் திருட்டு வாழ்வு முடிந்துவிடும். அன்றியும் காவலன் அப்பணத்துக்கு மசிந்தானா என்பது சந்தேகமாயின் பகடையே தீர்க்கும். ‘ஃபேட்’டின் புள்ளிக்கும் இவ்வழுத்தத்துக்குமிடையே உள்ள வேறுபாடு நுணுகி நோக்கற்பாலது. புள்ளியைச் செலவிடுபவர் ஆட்டக்காரர். அழுத்தத்தைச் செலவிடுபவர் பாத்திரம். அறிவுக்கூர்மைமிக்க ஆட்டக்காரர் தம் திருடனைத் தப்பவைக்கும் ஒவ்வொரு தடவையும் அத்திருடனின் உள்ளமே விலையாகிறது. கதையை எழுதும் அதிகாரத்தின் விலை கதையினுள்ளேயே அறவிடப்படுவதால் ஆட்டக்காரர் கணக்கராகும் அவலம் பெருமளவு தவிர்க்கப்படுகிறது.

இதுகாறும் ஆட்டக்காரரை ஒரே இனமாகக் கொண்டு பேசினோம். அங்ஙனம் அவர்கள் இல்லை. நால்வருள் ஒருவர் வாய்ச்சாலகராக இருப்பார். இன்னொருவர் கேட்டாலன்றிப் பேசமாட்டார். விதியெதுவுமின்றி “எல்லோரும் சேர்ந்து கதையை ஆக்குவோம்” என அதிகாரத்தை நடுவில் வைத்தால் அது வாய்ச்சாலகரின் கைக்கே போய்ச்சேரும். ஒரு நெறியாளரின் ஆட்சி நீங்கி, பெயரிடப்படாத இன்னொருவரின் ஆட்சி ஏற்படும். முன்னவரையாவது இன்னார் என்று சுட்டிக்காட்டிக் குறைகூற முடிந்தது. கருத்தரங்குகளில் அமர்ந்திருந்த எவருக்கும் இது புதிய செய்தியன்று. கதையதிகாரம் பற்றி எழுதுவோர் இதனைப் போதிய அளவு கணக்கிலெடுப்பதில்லை என்பது எமது குறை. விதிகள் கற்பனையைத் தளையிடுகின்றன என்னும் கூற்று பேசத் தயங்காதவர்களின் கூற்றாகும். தயங்குபவருக்கு விதி ஓர் உரிமைச்சீட்டு. ‘ஃபியாஸ்கோ’வில் அவரது முறை வந்தே தீரும், ‘பிளேட்ஸ்’ஸில் பின்னோக்குக் காட்சிக்கு எவரிடமும் இரந்து நிற்கவேண்டியதில்லை.

இவ்விடத்தில் மெகி பேக்கர், வின்சென்ட் பேக்கர் ஆகியோரின் ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) செய்தது எளிமையானதும் பயன்மிக்கதுமாகும். அதில் நெறியாளர் உண்டு. ஆனால் அவர் பகடை உருட்டுவதில்லை. அவர் எதைச் செய்யலாம், எவ்வெண்ணத்தோடு செய்யவேண்டும் என்பன ஆட்டக்காரரைப் போலவே அவருக்கும் விதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. கதையை முன்கூட்டித் திட்டமிடுவதற்கு அவருக்கு அனுமதியில்லை. என்ன நிகழப்போகிறது என்பதை ஏனையோருடன் சேர்ந்து தாமும் அறிவதற்காகவே அவர் ஆடுகிறார். ஆட்டக்காரரிடம் அவர் இடையறாது வினாக்கள் கேட்கவேண்டும் என்பதும் விதி. அவ்வினாக்கள் பாத்திரம் முன்னரே அறிந்திருக்கக்கூடியவற்றைப் பற்றியன. “இத்தலைவனுக்கு நீ ஏன் கடமைப்பட்டிருக்கிறாய்?” “சென்ற மாரியில் உன் ஊரார் எதைத் தின்று உயிர் பிழைத்தனர்?” அமைதியாக இருப்பவரை நோக்கி இத்தகைய வினாவொன்று நேராக வரும்போது அவரும் மறுமொழி கூறுவார். அம்மறுமொழி உலகத்தின் பகுதியாகிப் பின்னர் அவரையே வந்து தாக்கும்.

மரபான ஆட்டங்களை ஆடுவோர் எடுத்தாளத்தக்க முறையும் இதுவே என்பது எம் கருத்து. ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்’ஸின் 2014ஆம் ஆண்டு நெறியாளர் நூலிற் கதைப் புள்ளிகள் என்றொரு விருப்பத் தெரிவு தரப்பட்டுள்ளது. புள்ளியைச் செலவிட்டு ஆட்டக்காரர் கதையிற் புதிய உண்மையொன்றைப் புகுத்தலாம். அதன் ஒரு வடிவத்தில் நிலையான நெறியாளரே இல்லாது, புள்ளியைச் செலவிடுபவர் அப்பொறுப்பை ஏற்கிறார். துணிவான யோசனைதான். ஆனால் நிலவறை வரைபடத்தையும் விலங்குகளின் வலிமைக் கணக்கையும் முதுகெலும்பாகக் கொண்ட ஆட்டத்தில், எவரும் எவ்வேளையிலும் சுவரைக் கதவாக்கலாம் என்றால் வரைபடம் எதற்கு? எலும்பை மாற்றாது தசையை மட்டும் இரவல் வாங்கியதாகவே அது நிற்கிறது.

அவ்வாட்டத்துக்குப் பொருந்துவது இதனினும் சிறியது. ஆட்டக்காரரின் பாத்திரம் பிறந்த ஊர் எது, அவ்வூரார் அக்கோட்டையைப் பற்றி இரவில் என்ன பேசிக்கொள்வர், அங்கு சென்று திரும்பாதவர் யார் என்பனவற்றை நெறியாளர் ஆட்டக்காரரிடமே கேட்டறியலாம். தந்தை அங்கே சென்று மாண்டார் என அவர் கூறுவாராயின் நெறியாளர் அதனைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு முன் தம் வரைபடத்தில் எங்கோ ஓரிடத்தில் அவ்வாளையும் அதனை இப்பொழுது ஏந்தியிருப்பவனையும் வைக்கலாம். எந்த அறையில், யார் கையில் என்பதைக் கூறாதிருக்கலாம். அதன்பின் பூட்டிய கதவொன்றின் முன் அவ்வாட்டக்காரர் நிற்கும்போது, அப்பால் இருப்பது தாம் கூறியதா பிறிதொன்றா என்பதை அவர் அறியார். பகடையைக் கையிலெடுத்துக்கொண்டு அவர் சற்றுத் தயங்குவார்.